‘ரங்கூன் ஆயா வீடு’ குழுவில் ஒரு ராத்திரி

மகேஷ் அண்ணன் (8:12): தெருவில் போட்டிருந்த நம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டியைத் தூக்கிவிட்டார்கள். அடுப்பு, சிலிண்டர், வாழைத்தண்டு சூப் வைத்திருந்த அண்டா எல்லாம் லாரியில் போய்விட்டது. நாலு பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மிச்சம்.

செல்வி அத்தை: ஐயோ. சீட்டு ஏதாவது கொடுத்தார்களா?

மகேஷ் அண்ணன்: சீட்டும் இல்லை ஒன்றும் இல்லை. ஏழு மணி, அத்தோவுக்குக் கூட்டம் சேரும் நேரம். ஆக்கிரமிப்பு என்று ஒரே வார்த்தை. பேஜாராக இருக்கிறது.

பெரியப்பா: இதைத்தான் எத்தனை வருடமாகச் சொல்கிறேன், கிழவன் பழைய கதை பேசுகிறான் என்பீர்கள். 1964-ல் எனக்கு ஒன்பது வயது. மார்ச் மாதம் பர்மாவில், ரங்கூனில் அப்பாவின் மளிகைக் கடைக்கு அரசாங்க ஆட்கள் வந்து, இனி இது மக்கள் கடை என்று பலகை மாட்டிவிட்டுப் போனார்கள், கல்லாவில் அப்பா உட்கார்ந்திருக்கும்போதே. மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்பாவின் பெட்டியில் இருந்ததெல்லாம் அந்த இரண்டு நோட்டும்தான். அம்மா மஞ்சள் கயிறோடு கப்பல் ஏறினாள். 2016 நவம்பரில் ராத்திரி டிவியில் ஐநூறு ஆயிரம் செல்லாது என்றபோது நான் ஒன்றும் பேசவில்லை, நேராகப் போய் அரிசிப் பானையைத்தான் பார்த்தேன்.

நான்: அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது பெரியப்பா. பானையில் 4,500 இருந்தது.

தம்பி: பெரியப்பா, உங்கள் கட்சிக்குப் பெயரே இருக்கிறது. லிபர்டேரியன். அடுத்தவன் உடம்பிலும் பொருளிலும் கை வைக்காதவரை என் வாழ்க்கை என் இஷ்டம், கவர்மென்ட் காவலுக்கும் கோர்ட்டுக்கும் இருந்தால் போதும், மற்றதில் தலையிடக் கூடாது. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்ததே ஏறக்குறைய இதற்குத்தான். எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ் என்பதை அவர்தான் ‘ராஜ்’ என்று கிண்டல் செய்தார். நம் அண்ணன் சாராயமா விற்கிறார்? நூடுல்ஸ் விற்கிறார். சாராயத்தை 2003-லிருந்து கவர்மென்ட்டே சில்லறையில் விற்கிறது, அதற்கு ஆக்கிரமிப்பு என்று யாரும் லாரி கொண்டு வருவதில்லை.

செல்வி அத்தை: ராஜாஜியை ரொம்பத் தூக்காதே கண்ணு. விற்பனை வரியை 1939-ல் இங்கே கொண்டுவந்ததே அவர்தான். சேலத்தில் மதுவிலக்கும் அவர் போட்டதுதான். என் இஷ்டம் என்பது அப்போது எங்கே போனது? 1953-ல் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றாரே, அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நான் டீச்சராகியிருக்க மாட்டேன், நீயும் காலேஜில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்திருக்க மாட்டாய்.

தம்பி: 😶

பெரியப்பா: எனக்குக் கட்சியே வேண்டாம். அளவில் குறைக்காதே, காய்ந்த எண்ணெயை மறுநாள் ஊற்றாதே, கடன் சொன்னவனை நாலு பேர் முன்னால் கேட்காதே. இதெல்லாம் ஆயா சொல்லிக் கொடுத்தது. எந்தச் சட்டம் சொன்னது?

செல்வி அத்தை: சரி அண்ணே, ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. கப்பலிலிருந்து இறங்கியபோது எனக்கு நாலு வயது. வியாசர்பாடியில் நமக்கு இடம் கொடுத்தது யார்? வியாபாரியா? மத்தியானம் எனக்குச் சோறு போட்டது கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று 1920-லேயே முடிவெடுத்தது நம் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆள் தியாகராயச் செட்டியார். அவரும் வியாபாரிதான், ஆனால் அவரவர் சோறு அவரவர் பாடு என்று சொல்லவில்லை.

பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: என்ன எழுதி அழித்தீர்கள்? 😄

பெரியப்பா: ஒன்றுமில்லை. இடம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடுக்கிற கைதான் பிடுங்கவும் செய்கிறது, அதுதான் எனக்குப் பயம்.

செல்வி அத்தை: பயப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் வந்து வலை நாசமானது, அதே மாதம் அம்மோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் ஓடினார்கள். கவர்மென்ட் ஒதுங்கி நின்றால் கம்பெனிக்காரனைக் கேட்பது யார்?

தம்பி: கெடுத்தவன் கொடுக்க வேண்டும் என்பதுதான் அத்தை எங்கள் வாதமும். ஆனால் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததே, அது யாருடைய நிலையம்? கவர்மென்ட்டுடையது. கெடுத்தவனும் அவனே, கேட்க வேண்டியவனும் அவனே என்றால் மீனவன் யாரிடம் போவான்?

செல்வி அத்தை: ம். இது நியாயமான கேள்வி.

மகேஷ் அண்ணன்: கேள்வியெல்லாம் இருக்கட்டும், என் வண்டி?

செல்வி அத்தை: 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை எழுப்பக் கூடாது, அப்புறமும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். பொருளை எடுத்தால் பட்டியல் போட்டுக் கையில் தர வேண்டும். நீ கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளில் திருப்ப வேண்டும். வாயால் கேட்காதே, எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கு. காலையில் நானும் வருகிறேன்.

தம்பி: அபராதம் உண்டா?

செல்வி அத்தை: கட்டணம் இருக்கலாம், ரசீது இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதே.

மகேஷ் அண்ணன்: கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறது. அட்டைதான் இன்னும் வரவில்லை.

பெரியப்பா: டேய், டிரங்குப் பெட்டியில் கப்பலிலிருந்து இறங்கிய அன்று கொடுத்த அகதி சீட்டு இருக்கிறது. அதையும் கொண்டு போ.

மகேஷ் அண்ணன்: அப்பா, அத்தோ வண்டிக்கு அது எதற்கு?

பெரியப்பா: எதற்கும் இருக்கட்டும்.

செல்வி அத்தை: அரசாங்கத்தையே நம்பாத மனிதர் அரசாங்கச் சீட்டை அறுபது வருடமாகக் கட்டிக் காக்கிறார் 😂

பெரியப்பா: நம்பியிருந்தால் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பேன்.

மகேஷ் அண்ணன்: மடிப்பில் கிழிந்துவிடுமே. லேமினேட் போட்டுவிடட்டுமா?

பெரியப்பா: போடாதே. அப்புறம் ஒரிஜினல் இல்லை என்பார்கள்.