டிக்கியில் ஒரு சாக்கெட் வைக்கலாமா? சண்டை போடாமல் சொல்லுங்கள்

மாவு டப்பா (உம்லாங்கா, தென்னாப்பிரிக்கா):
வணக்கம். போன மாதம் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் குடும்பத்தோடு மூன்று இரவு கூடாரம் போட்டோம். டிக்கியில் பன்னிரண்டு வோல்ட் குளிர்ப்பெட்டி. அதில் பால், ஆட்டுக்கறி, வீட்டில் அரைத்த தோசை மாவு. வண்டியில் இருக்கும் ஒரே சாக்கெட் கியருக்கு முன்னால் இருக்கிறது. அங்கிருந்து சீட்டுக்கு அடியில் ஒயர் இழுத்து வைத்தேன். சாவியை எடுத்தால் அந்த சாக்கெட்டும் செத்துவிடும் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தால், மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு கறிப் பொட்டலத்தின் மேல் வழிந்து கிடக்கிறது. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஈஸ்டருக்கு நான்கு நாள் லீவு. இசிப்பிங்கோ மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கடற்கரை ஊரான செயின்ட் லூசியா போகிறோம். டிக்கி விளக்குக்கு ஏற்கெனவே ஒயர் வருகிறதே, அதில் ஒரு கிளை எடுத்து சாக்கெட் வைத்துவிடலாம் என்கிறான் மச்சான். செய்யலாமா?

பழைய பக்கி (சாட்ஸ்வர்த்):
முதலில் மச்சான் கையிலிருந்து கட்டிங் பிளேயரை வாங்கி வையுங்க தம்பி. அந்த ஒயர் சின்ன பல்புக்குப் போட்டது, நூல் மாதிரி இருக்கும்.

பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்கணும், ஆறு சதுர மில்லிமீட்டர் செம்பு. எதற்கு இவ்வளவு தடி என்று கேட்பீங்க. டிக்கி வரை போக ஐந்து மீட்டர், திரும்பி வர ஐந்து மீட்டர். 2.5 ஒயரில் பத்து ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 0.7 வோல்ட் தொலைந்துவிடும். ஆறில் 0.3 தான். நல்ல ஃபிரிட்ஜ்களில் பேட்டரி இறங்கினால் தானே அணைகிற வசதி உண்டு. ஒயர் மெலிசாக இருந்தால், பேட்டரி நன்றாக இருக்கும்போதே அது ஏமாந்து அணைந்துவிடும். பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்.

இன்னொன்று, சிகரெட் லைட்டர் மாதிரி சாக்கெட் வேண்டாம். மண் ரோட்டில் பத்து நிமிஷம் குலுங்கினால் பிளக் நழுவிடும். பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருக்கிறவர்கள் போடுகிற பிராட் ஹாரிசன் திருகு பிளக் போடுங்க, இல்லாவிட்டால் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்.

மிட்ராண்ட் அக்கா:
அண்ணா குழாயைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். தொட்டி எங்கே?

வண்டி பேட்டரி சுமார் 60 ஆம்பியர்-மணி. அது எஞ்சினை உதைத்துக் கிளப்புவதற்காகச் செய்தது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் போய்விடும். ஆகக் கையில் இருப்பது முப்பதுதான். ஃபிரிட்ஜ் சராசரியாக இரண்டு ஆம்பியர் எடுத்தால், மாலை ஆறு முதல் காலை ஆறு வரைக்கே இருபத்துநாலு. அடுத்த நாளும் வண்டியை எடுக்காமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தால்? எவ்வளவு தடி ஒயர் போட்டாலும் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும்தான் கேட்கும்.

2022, 2023-இல் லோட் ஷெடிங் மின்வெட்டு நம்மைப் பிழிந்தபோது பாதி வீட்டில் பவர் ஸ்டேஷன் என்கிற பேட்டரிப் பெட்டி வாங்கினோமே, அது இப்போது அலமாரியில் தூங்குகிறது. ஆயிரம் வாட்-மணி பெட்டி ஒன்றை டிக்கியில் வையுங்கள். 45 வாட் ஃபிரிட்ஜ் பாதி நேரம்தான் ஓடும், ஒன்றரை நாள் தாராளமாக வரும். வண்டியில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம்.

பழைய பக்கி:
ஒன்றரை நாள். அவர் போவது நான்கு நாள். அப்புறம் அந்தப் பெட்டியை எதில் சார்ஜ் போடுவது? முன்சீட்டு சாக்கெட்டில் பத்து ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 120 வாட்தான் வரும். ஆயிரம் வாட்-மணிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டணும். டர்பனிலிருந்து செயின்ட் லூசியா அவ்வளவு தூரமா? என் ஒயர் இருந்தால் அதே பெட்டியை இன்னும் வேகமாக ஏற்றலாம்.

ஃபியூஸ் போனவன் (பீனிக்ஸ்):
நான் தனி ஒயர் போட்டவன், அதனால் சொல்கிறேன். ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஃபியூஸை டிக்கிப் பக்கம் வைத்துவிட்டார். எஞ்சின் ரூமிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையமும் போடவில்லை. எட்டு மாதம் தகடு ஒயரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. என்3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் டோல் வரிசையில் நிற்கும்போது காலடியில் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். ஃபியூஸுக்கு முந்தைய பகுதியில் ஷார்ட், ஃபியூஸ் எப்படிப் போகும்? பானெட்டைத் திறந்து வெறுங்கையால் ஒயரைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கையில் ஒரு கோடு இன்னும் இருக்கிறது. அக்கா சொல்வதே சரி.

பழைய பக்கி:
உங்க கைக்கு வருத்தப்படுறேன் தம்பி. ஆனால் அது ஒயரின் குற்றம் இல்லை, ஃபியூஸை வைத்த இடத்தின் குற்றம். ஃபியூஸ் காப்பாற்றுவது பெட்டியை இல்லை, ஒயரை. அதனால்தான் பேட்டரி ஓரத்தில் வைக்கச் சொன்னேன். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சாம்பாரே வேண்டாம் என்பீங்களா?

வாரன்டி வக்கீல் (பிரிட்டோரியா):
வண்டி புதுசா? வெளியாள் கைவைத்தால் வாரன்டி மொத்தமும் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கிற அரசின் போட்டி ஆணையம் தந்த வழிகாட்டுதல் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாரன்டி காலத்திலும் வெளிப் பட்டறையில் வேலை செய்துகொள்ள வழி உண்டு.

மிட்ராண்ட் அக்கா:
அந்த வேலையால் வந்த கோளாறுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் முன்பே எழுதிச் சொல்லிவிடுவது நல்லது.

மாவு டப்பா:
எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஒரு யோசனை. சாக்கெட்டை வைத்துவிட்டு, ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய் எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் பேட்டரி ஏறிவிடாதா?

மிட்ராண்ட் அக்கா:
பத்து நிமிஷம் சும்மா ஓடினால் பெரிதாக ஒன்றும் ஏறாது. பக்கத்துக் கூடாரக்காரர் திட்டுவதுதான் மிச்சம். அதைவிட, செயின்ட் லூசியாவில் இருட்டினால் நீர்யானை தெருவிலேயே மேய வரும். டார்ச் அடித்துக்கொண்டு பானெட் பக்கம் போய் நிற்காதீர்கள், தம்பி.

பழைய பக்கி:
இதில் அக்கா கட்சிதான் நானும். சரி, முதலிலேயே கேட்டிருக்கணும். அந்தப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் என்ன எழுதியிருக்கு? உள்ளே கம்ப்ரசர் இருக்கா?

மாவு டப்பா:
இப்போதுதான் கவிழ்த்துப் பார்த்தேன். 48 வாட். கம்ப்ரசர் என்று எதுவும் இல்லை. பின்னால் ஒரு சின்ன மின்விசிறி, விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 'சுற்றுச்சூழலைவிட 20 டிகிரி குறைவு' என்று போட்டிருக்கிறது.

பழைய பக்கி:
போச்சு. இது ஃபிரிட்ஜே இல்லை தம்பி. வெளியே 32 என்றால் உள்ளே 12-க்குக் கீழே இறங்காது. நல்ல வெயிலில் அதுவும் சந்தேகம். அந்தச் சூட்டில் மாவு மெதுவாகப் புளிக்கும், பொங்கும். மலையில் சாக்கெட் ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருந்தாலும் உங்க மாவு தப்பியிருக்காது. கறியை அதில் வைத்ததற்கு உங்களைத்தான் திட்டணும். 48 வாட் என்றால் நான்கு ஆம்பியர், நிற்காமல். என் ஒயர் போட்டாலும் ஒரே ராத்திரியில் பேட்டரி காலி.

மிட்ராண்ட் அக்கா:
என் கணக்கும் காலி. இதற்கு ஆயிரம் வாட்-மணி பதினெட்டு, இருபது மணி நேரம் வந்தால் பெரிது.

ஃபியூஸ் போனவன்:
இரண்டாவது லித்தியம் பேட்டரி ஒன்று டிக்கியில் வைத்தால்?

பழைய பக்கி:
வைக்கலாம், ஆனால் நேராக இணைக்கக்கூடாது. வெறும் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து அளவில்லாமல் இழுக்கும். அதை அளவோடு நிறுத்த நடுவில் டிசி-டிசி சார்ஜர் வேணும், அதற்கும் என் தடி ஒயர் வேணும். அப்புறம் ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் போனால் விடியற்காலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் லித்தியத்தை சார்ஜ் போட்டால் செல் கெட்டுவிடும். அதைத் தடுக்கிற வகையாகப் பார்த்து வாங்கணும்.

மிட்ராண்ட் அக்கா:
ஈஸ்டருக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது அண்ணா, அவர் பாங்கில் கடன் வாங்கவா? தம்பி, இரண்டு லிட்டர் பாட்டில் ஆறில் தண்ணீர் நிரப்பி, வாயில் கொஞ்சம் இடம் விட்டு, மூன்று நாள் முன்பே ஃப்ரீசரில் போடுங்கள். தடித்த ஐஸ்பெட்டி ஒன்றைக் கடன் வாங்கிக் கறியையும் அதோடு உறைந்தபடியே அடுக்குங்கள். மாவை அரைத்த அன்றே தனி பாட்டில்களில் பாதி அளவு ஊற்றி உறையவைத்துவிடுங்கள்.

மாவு டப்பா:
மாவை உறையவைத்தால் தோசை வருமா அக்கா?

மிட்ராண்ட் அக்கா:
ஊத்தப்பம் வரும்.

பழைய பக்கி:
எனக்கு ஐஸ் நம்பிக்கை இல்லை, மூன்றாம் நாள் கறி நீந்தும். ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயர் என்னிடம் பதினொரு மீட்டர் மிச்சம் கிடக்கிறது. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கியதும் ஒரு சனிக்கிழமை வண்டியை இங்கே விடுங்க. ரப்பர் வளையம் நான் வாங்கி வைக்கிறேன். மச்சானைக் கூட்டி வராதீங்க.