ரிட்ரீவல் பிராக்டிஸ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பெரம்பூர் ஆசிரியை, திங்கள் இரவு

அன்பர்களே, வணக்கம்.

வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு எழுதுகிறேன். எப்படிப் படித்தால் மனதில் நிற்கும் என்பதுதான் பொருள். வெள்ளி காலை திருவல்லிக்கேணி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: ரிட்ரீவல் பிராக்டிஸ். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, அல்லது எழுதுவது.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையைச் சொல்லிவிடுகிறேன். நாம் தேடும் சொல் இதைத் தாங்க வேண்டும். மாணவர்களுக்கு இரண்டு பத்திகள். ஒன்றை இருமுறை படித்தார்கள். மற்றதை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்ததுதான் கூடுதலாக நினைவில் இருந்தது: 81 சதவீதம், மற்றதில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்கப்பட்டவர்களிடம் இது தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56, இருமுறை படித்ததில் 42. நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின இரவு மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பார்க்கும்போது இந்த எண்கள்தான் என் கண்முன் நிற்கின்றன.

இதற்கே டெஸ்டிங் எஃபெக்ட் என்றும் பெயர் உண்டு. 'தேர்வு விளைவு' என்று போட எனக்கு மனமில்லை. தேர்வு என்றாலே அந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். இப்போதைக்கு 'மீட்டெடுப்புப் பயிற்சி' என்று வைத்திருக்கிறேன். ஆனால் கணினியில் தொலைந்த கோப்பைத் திரும்ப எடுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. உதவுங்கள்.

மடிப்பாக்கம் தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய் காலை

அம்மா, வணக்கம். வெளியே போய்த் தேட வேண்டாம். நன்னூல் பாயிரத்தில் மாணாக்கன் நூலைப் பயிலும் முறை சொல்லியிருக்கிறது: பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், அப்புறம் வினாதல், வினாயவை விடுத்தல். 'பாடம் போற்றல்' ஒன்று, 'கேட்டவை நினைத்தல்' வேறொன்று என்று பவணந்தியார் பிரித்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் சொல்வது இரண்டாவது. ஆனால் 'நினைத்தல்' இன்று பொதுச்சொல் ஆகிவிட்டது. ஆகவே பாராது என்னும் எதிர்மறை வினையெச்சத்தோடு உரையைச் சேர்த்து 'பாராதுரை' என்று ஆளலாம். தூய தமிழ், நான்கே எழுத்து, வினையாகவும் பெயராகவும் நிற்கும்.

வேளச்சேரி, மென்பொருள், செவ்வாய் மதியம்

// 'பாராதுரை' என்று ஆளலாம் //

ஐயா, மன்னிக்கவும். என் மகள் ஏழாம் வகுப்பு. அவளிடம் காட்டினேன், 'பாரா துரை' என்று படித்து, யார் அவர் என்று கேட்டாள். பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் சொல் மாலை வகுப்புக்கு உதவாது. மகிழுந்து இன்றும் எழுத்தில்தான் ஓடுகிறது. பேருந்து மட்டும்தான் நிறுத்தத்துக்கு வந்தது. ரிட்ரீவல் என்றே எழுதி, அடைப்புக்குள் விளக்கம் போட்டால் என்ன குறை?

மடிப்பாக்கம், செவ்வாய் மாலை

தம்பி, குறை என்னவென்றால் அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பாராதுரை எனக்கும் பெரிதில்லை, விட்டுவிடுகிறேன். அயற்சொல்லை விடமாட்டேன்.

மயிலாப்பூர், செவ்வாய் இரவு

1125ஆம் குறளை யாரும் தொடவில்லையே. "உள்ளுவன் மன்யான் மறப்பின்." மறந்தால்தானே நினைப்பேன், நான்தான் மறப்பதே இல்லையே என்கிறான் தலைவன். உள்ளுதல் நடக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் மறந்திருக்க வேண்டும் என்ற நுட்பம் அந்த 'மறப்பின்' என்ற சொல்லில் இருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இல் பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டுத் தன் மறதியை அளந்தார். மறதி எவ்வளவு விரைவாக வருகிறது என்று அவர் காட்டினார். வந்த பிறகு அதோடு போராடி எடுப்பதுதான் பலன் தருகிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆகவே 'உள்ளல்'. இடைவெளி விட்டுச் செய்தால் 'இடையிட்டு உள்ளல்'.

மடிப்பாக்கம், புதன் விடியல்

அம்மா, தூக்கம் வரவில்லை, உங்கள் உள்ளல்தான் காரணம். உள் என்பது அகம், அதிலிருந்து உள்ளு, உள்ளம், உள்ளல். சரி. ஆனால் ஓர் என்னும் வினையையும் பாருங்கள். ஓர்தல் ஆராய்தல், தெளிதல். மலையாளத்தில் ஓர்மை என்றால் இன்றும் நினைவுதான். நம்மிடம் 'ஓர்ந்து' என்பது செய்யுளில் தங்கிவிட்டது. 'தேர்ந்தும் ஓர்ந்தும்' என்ற இணையில் வரும் தேர்தலிலிருந்துதான் தேர்வு வந்தது. அப்படியானால் ஓர்தலிலிருந்து 'ஓர்வு' வரக்கூடாதா? தேர்வு ஆசிரியர் வைப்பது, ஓர்வு மாணவன் தானே வைத்துக்கொள்வது! ஒலியிலும் உடன்பிறப்புகள்.

வேளச்சேரி, புதன் காலை

அழகாக இருக்கிறது ஐயா, உண்மையாகவே. ஆனால் 'ஓர்வு' என்று கரும்பலகையில் எழுதினால் 'ஓய்வு' என்று படித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அண்ணாநகர், உளவியல் ஆலோசகர், புதன் மதியம்

நேற்று ஒருவர் தனிமடலில் 'அசைபோடுதல்' என்று எழுதியிருந்தார். நன்னூலில் மாணாக்கருக்கு அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம் (ஓட்டைக்குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) என்று உவமை வருகிறதே, அதில் ஆ மேய்ந்ததைப் பிறகு அசைபோடுவதால் தலைமாணாக்கன் ஆகிறது என்பது அவர் வாதம். தயவுசெய்து அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். மனச்சோர்வில் இருப்பவர்கள் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டுவதைச் சொல்ல எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். நோய்க்கு வைத்த பெயரைப் பயிற்சிக்கும் வைத்தால் குழப்பம் வரும்.

அந்த உவமைகளைக் கையேட்டில் 'கற்கும் பாணிகள்' என்று போடவும் வேண்டாம், ஆசிரியை அம்மா. நீ பார்த்துக் கற்பவன், நீ கேட்டுக் கற்பவன் என்று பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் நால்வர் 2008இலேயே ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதிவிட்டார்கள். மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது இல்லிக்குடத்துக்கும் உதவும், எருமைக்கும் உதவும்.

ராயபுரம், புதன் இரவு

நான் அதிகம் எழுதுவதில்லை. 'ஒப்பித்தல்' என்ற சொல் நம் ஒவ்வொருவர் வாயிலும் இருக்கிறதே, அதை ஏன் யாரும் நினைக்கவில்லை? புத்தகத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்று ஒப்பித்தோமே. 1917இல் ஆர்தர் கேட்ஸ் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனையில், படிப்பு நேரத்தின் பெரும்பகுதியைப் பார்க்காமல் சொல்லிப் பார்க்கச் செலவிட்டவர்களே நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். அவர் அதற்கு வைத்த பெயரைத் தமிழாக்கினால் ஒப்பித்தல்தான் வரும்.

பெரம்பூர் ஆசிரியை, புதன் இரவு

அண்ணா, இதைப் படித்ததும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஒப்பித்தல் என்றால் என் பிள்ளைகளுக்கு வரி பிசகாமல் சொல்ல வேண்டும், பிசகினால் அடி. ஒரு சொல் விட்டால் முதலிலிருந்து. இங்கே நான் கேட்பது அரைகுறையாக வந்தாலும் சொந்த வார்த்தையில் எடுப்பது, பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சரிபார்ப்பது. அந்தச் சொல்லில் இருக்கும் பயத்தை என்னால் கழுவ முடியாது.

என் அப்பா செங்கல்பட்டுப் பக்கம் விவசாயம் பார்த்தவர். 'இறைக்கிற கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்' என்பார். எடுக்க எடுக்கக் குறையாமல் கூடுகிறது என்பதுதானே இந்த ஆய்வின் உயிர்? 'நினைவிறைப்பு' என்றால்?

மயிலாப்பூர், வியாழன் காலை

பொருள் நூற்றுக்கு நூறு. ஆனால் இறைப்பதற்குச் சிதறடிப்பது என்ற பொருளும் உண்டு, வாரி இறைப்பது போல. சென்னையில் கிணற்றில் இறைத்துப் பார்த்த பிள்ளை எத்தனை பேர்? மோட்டார் சுவிட்சைத்தான் தெரியும்.

வளசரவாக்கம் (ஊர் யாழ்ப்பாணம்), வியாழன் காலை

'மீட்டெடுப்புப் பயிற்சி'க்குப் பதிலாகச் சிலர் 'நினைவுமீட்டல்' பக்கம் சாய்கிறீர்கள் போலத் தெரிகிறது. ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களில் மீட்டல் என்றால் சோதனைக்கு முன் பழைய பாடத்தைத் திரும்பப் பார்ப்பது. நோட்டை வாசித்தாலும் மீட்டல்தான், வினா செய்தாலும் மீட்டல்தான். ஆசிரியை எதைக் கைவிடச் சொல்கிறாரோ அதுவும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். கையேடு வலையில் ஏறினால் எங்கள் பிள்ளைகளும் வாசிப்பார்கள். தமிழ் சென்னையோடு முடிவதில்லை.

பெரம்பூர் ஆசிரியை, வியாழன் இரவு

அக்கா சொன்னது எனக்கு உறைக்கிறது. ஆனால் நேரம் இல்லை. நினைவுமீட்டலுக்கு ஐந்து பேர், ஒப்பித்தலுக்கு இருவர், உள்ளலுக்கு ஒருவர், ஓர்வுக்கு ஐயா மட்டும். தலைப்பில் 'நினைவுமீட்டல்' என்று போட்டு, அதன் கீழே பெரிய எழுத்தில் 'புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்' என்று சேர்த்துவிட்டேன். உள்ளே எங்கும் வினையாக வரும் இடத்தில் 'மூடிச் சொல்' என்றே எழுதியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு அச்சகம் கிளம்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

வளசரவாக்கம், வியாழன் இரவு

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும், தங்கச்சி. கையேடு நல்லபடியாக வரட்டும்.

மடிப்பாக்கம், வெள்ளி காலை

அம்மா, அச்சாகியிருக்கும் என்று தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும். நினைவுமீட்டல் என்ன தொகை? நினைவை மீட்டல் என்றால் இரண்டாம் வேற்றுமை. ஆனால் மீட்கப்படுவது நினைவு இல்லையே, பாடம் அல்லவா? நினைவிலிருந்து பாடத்தை மீட்டல் என்றால் ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். நீங்கினால் இருந்த இடம் காலியாக வேண்டும். நீங்கள் காட்டிய சோதனையில் எடுத்த இடம் நிறைகிறது. இந்தத் தொகையை விரித்து எழுத எனக்கு வழி தெரியவில்லை. இரண்டாம் பதிப்பு எப்போது?