பள்ளிக் கடன் பத்திரமும் கன்சர்வேட்டிவ் வாக்கும்: டெக்சாஸ் வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கம்

கேள்வி: புதுவாக்காளர் (காலின் கவுண்டி)

சென்ற ஆண்டு குடியுரிமை பெற்றேன். இந்த நவம்பரில் முதல்முறையாக வாக்களிக்கப் போகிறேன். மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருந்தவரை சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று என்று பொத்தானை அழுத்திப் பழகிய எனக்கு, ஆளுநரில் தொடங்கி விவசாய ஆணையர், ரயில்வே ஆணையர், வரிசையாக நீதிபதிகள் என்று நீளும் இந்தச் சீட்டு மலைப்பாக இருக்கிறது.

மேலே உள்ள பதவிகளில் எனக்குக் குழப்பமில்லை. அரசு சிக்கனமாக இருக்க வேண்டும், குடும்பத்தின் முடிவுகளைக் குடும்பமே எடுக்க வேண்டும், காவல்துறை பலவீனப்படக் கூடாது என்று நினைப்பவன் நான். நம் மொழியில் ‘பழமைவாதி’ என்றால் ஏச்சுப்போலத் தொனிப்பதால், ‘கன்சர்வேட்டிவ்’ என்றே எழுதுகிறேன். என் சிக்கல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தி, அதற்காகச் சொத்து வரி வசூலிக்கும் உள்ளூர் அமைப்பு) கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்கிறது. ஏ, பி, சி என்று மூன்று முன்மொழிவுகள். ஒவ்வொன்றின் கீழும் பெரிய எழுத்தில் ‘இது ஒரு சொத்து வரி உயர்வு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் இந்த ஊரில் வீடு வாங்கியதே பள்ளிகளுக்காகத்தான். ஆனால் நான்கு ஆண்டுகளில் என் வீட்டு மதிப்பீடு ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் ‘வேண்டாம்’ என்று போடவே கை போகிறது.

கன்சர்வேட்டிவ் ஒருவர் கடன் பத்திரம் என்றாலே எதிர்த்துத்தான் ஆக வேண்டுமா? ‘உள்ளூர் ஆட்சியே சிறந்த ஆட்சி’ என்று சொல்லும் நம் தரப்பு, ஆஸ்டின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு நகர மன்றங்களின் முடிவுகளை ரத்து செய்வதை எப்படிப் புரிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: இருபதாண்டு டாலஸ்வாசி

நண்பரே, முதல் வாக்குக்கு வாழ்த்துகள். கடைசிப் பக்கத்தில் தயங்கி நிற்பது நல்ல அறிகுறி. கட்சிப் பெயருக்கு நேராக ஒரே குறியிட்டு முழுச் சீட்டையும் முடித்துவிடும் வசதியை 2017இல் இயற்றிய சட்டத்தால் டெக்சாஸ் நீக்கியது. 2020 தேர்தலிலிருந்து அது இல்லை. அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை பொறுமையாக வருகிறவரின் வாக்குக்குத்தான் எடை அதிகம்.

நீங்கள் பார்த்த பெரிய எழுத்து வாசகம் 2019இல் வந்தது. பள்ளி நிதிச் சீர்திருத்தத்துக்காக இயற்றப்பட்ட ஹவுஸ் பில் 3 (மாநிலப் பிரதிநிதிகள் சபையில் தொடங்கிய மசோதா) தான் அந்த வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் வரி விகிதம் உயராது என்ற உறுதிமொழியோடு கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. விகிதம் உயராமலே வரி உயரும் என்பதை வீட்டுக்காரர்கள் ரசீது வந்த பிறகுதான் உணர்ந்தார்கள். 4 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு 4 லட்சத்து 40 ஆயிரமாக மதிப்பிடப்பட்டால், விகிதம் அப்படியே இருந்தாலும் நீங்கள் கட்டும் தொகை ஏறத்தானே செய்யும்? குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகலாம். ஆகவே யாராவது ‘விகிதத்தைத் தொடவில்லை’ என்றால், ‘புதிய வருவாய் சேராத விகிதம்’ எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். சென்ற ஆண்டு வசூலான அதே தொகையை அதே சொத்துகளிலிருந்து திரட்டத் தேவைப்படும் விகிதம் அது. அதை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

பள்ளி வரியில் இரண்டு பாகங்கள் உண்டு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், பேருந்துக்கு டீசல் எல்லாம் முதல் பாகமான பராமரிப்பு வரியிலிருந்து போகின்றன. கடன் பத்திரத்தின் அசலும் வட்டியும் இரண்டாம் பாகத்திலிருந்து. கடன் பத்திரப் பணத்தில் ஓர் ஆசிரியருக்குக்கூடச் சம்பள உயர்வு கொடுக்க முடியாது. எனவே ‘ஆசிரியர்களுக்காக ஆம் என்று போடுங்கள்’ என்று வாசலில் வந்து துண்டறிக்கை தருகிறவர், விஷயம் தெரியாதவர் அல்லது தெரிந்தே சொல்கிறவர்.

இனி உங்கள் ஏ, பி, சிக்கு வருவோம். 2019 வரை பள்ளிக் கட்டடம், நீச்சல் குளம், கால்பந்து மைதானம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாக்கு கேட்க முடிந்தது. நம் கவுண்டியின் ஆலன் நகரத்தில் 2009இல் வாக்காளர்கள் 119 மில்லியன் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அதில் சுமார் 60 மில்லியன், 18,000 பேர் உட்காரும் உயர்நிலைப்பள்ளிக் கால்பந்து அரங்குக்குப் போனது. 2012இல் திறந்தார்கள், 2014இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள், செப்பனிட்டு மறுஆண்டு மீண்டும் திறந்தார்கள். இப்போது பெரிய விளையாட்டரங்கு, நீச்சல் குளம், கலையரங்கு, தொழில்நுட்பச் சாதனங்கள் போன்றவற்றைத் தனித்தனி முன்மொழிவாகத்தான் வைக்க வேண்டும். கூரை ஒழுகும் தொடக்கப்பள்ளிக்கு ஆம் என்றும் அரங்கத்துக்கு வேண்டாம் என்றும் போட உங்களுக்கு உரிமை கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

கடனை வெறுப்பதே கன்சர்வேட்டிவ் குணம் என்று நான் நினைக்கவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், அவ்வளவுதான். நாற்பதாண்டு நிற்கும் கட்டடத்துக்கு இருபத்தைந்தாண்டுக் கடன் வாங்குவது நியாயம்; அதைப் பயன்படுத்தும் தலைமுறையே அதற்குக் கட்டுகிறது. நான்கைந்து ஆண்டில் பழசாகிவிடும் மடிக்கணினிக்கு நீண்டகாலக் கடன் வாங்கினால், உங்கள் மகள் பள்ளி முடித்துப் போன பிறகும் அவள் தட்டிய கணினிக்கு அக்கம்பக்கத்தார் வட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். ‘சி’ எதற்கென்று பாருங்கள். அத்துடன் மாவட்டம் வெளியிட்டிருக்கும் வாக்காளர் தகவல் ஆவணத்தைப் பதிவிறக்குங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, 1 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கூடும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு மதிப்பால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா? பக்கத்திலுள்ள பிளேனோவில் எண்ணிக்கை குறைந்ததால் நான்கு பள்ளிகளை மூட 2024இல் பள்ளி வாரியம் முடிவெடுத்தது. வளர்ந்துகொண்டிருக்கும் ஊருக்குப் பொருந்தும் கணக்கு, வளர்ந்து முடித்த ஊருக்குப் பொருந்தாது.

பதில் 2: மேற்கு டெக்சாஸ் ஆசிரியை

மேலே எழுதிய ஐயா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் புறநகரில் இருப்பவர்கள் பள்ளியை ஒரு சேவையாகவே பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் பதினொரு ஆண்டுகளாகக் கற்பிக்கும் சிற்றூரில் அதிகம் பேருக்கு வேலை தருவது பள்ளிதான். வெள்ளிக்கிழமை இரவு கால்பந்துக்கு ஊரே வருகிறது. தேவாலயங்களுக்கு அடுத்து, எல்லோரும் ஒன்றுகூடும் இடம் அதுதான். புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பள்ளி உணவகத்தில் சமைக்கும் அம்மாவுக்கு எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பது தெரியும். கேட்காமலே இரண்டாவது தட்டு வைப்பார். இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிக்கே வாக்களிப்பவர்கள். நானும் அப்படித்தான்.

அதனால்தான் கல்விச் சேமிப்புக் கணக்குச் சட்டம் எங்களைப் பிளந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் அந்தத் திட்டத்தை 2023 நவம்பரில் மாநிலப் பிரதிநிதிகள் சபை 84க்கு 63 என்ற வாக்கில் மசோதாவிலிருந்து நீக்கியது. நீக்கியவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சியினர். பலர் கிராமப்புறத் தொகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஆளுநர் கிரெக் அபாட் 2024 பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில்) தம் கட்சி உறுப்பினர்களுக்கு எதிராகவே பிரசாரம் செய்தார், பலர் தோற்றார்கள். 2025 மே மாதம் சட்டம் கையெழுத்தானது. முதற்கட்டமாக 1 பில்லியன் டாலர். தனியார் பள்ளி செல்லும் மாணவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர்.

பெற்றோருக்குத் தேர்வுரிமை வேண்டும் என்ற கொள்கையை நான் மறுக்கவில்லை. மாற்றுத்திறனுள்ள ஒரு பிள்ளைக்கு 30,000 டாலர் வரை கிடைக்கும் என்ற பிரிவை மனமார வரவேற்கிறேன். ஆனால் எங்களுக்கு அருகிலுள்ள தனியார் பள்ளிக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கடையே இல்லாத ஊரில் கையில் கூப்பனைக் கொடுத்தால் எதை வாங்குவது? இருக்கும் நிறுவனங்களை, அவற்றின் பயன் கண்ணுக்குத் தெரியும்போது, அவசரப்பட்டுக் குலைக்கக் கூடாது என்பதுதானே கன்சர்வேட்டிவ் சிந்தனையின் முதல் பாடம்? என் தொகுதி உறுப்பினர் தோற்ற இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எங்கள் பேச்சைக் கேட்டதற்காகத்தான் தோற்றார்.

புதுவாக்காளரே, டெக்சாஸில் கட்சி உறுப்பினராகப் பதிவு செய்யும் முறை இல்லை. மார்ச் பிரைமரியில் யாரும் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். பல தொகுதிகளில் உண்மையான தேர்தல் அன்றுதான் நடக்கிறது. நவம்பருக்கு மட்டும் வருகிறவர்கள் பந்தி முடிந்த பிறகு இலை போட்டு உட்காருகிறார்கள்.

பதில் 3: சிறுதொழில் உரிமையாளர், டாரண்ட் கவுண்டி

உங்கள் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

டென்டன் நகர வாக்காளர்கள் 2014 நவம்பரில் ஏறத்தாழ 59 விழுக்காடு ஆதரவோடு நகர எல்லைக்குள் நீரியல் விரிசல் முறையில் (நீரை அழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை) எரிவாயு எடுப்பதைத் தடை செய்தார்கள். ஆறே மாதத்தில், 2015 மே மாதம், சட்டமன்றம் ஹவுஸ் பில் 40 மூலம் அந்த அதிகாரத்தையே நகரங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. எண்ணெய்-எரிவாயுவை மேற்பார்வையிடுவது மாநிலத்தின் ரயில்வே ஆணையம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அதற்கும் ரயிலுக்கும் இன்று தொடர்பே இல்லை, ஆகவே உங்கள் சீட்டில் அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். 2020இல் ஆஸ்டின் நகர மன்றம் காவல்துறை நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டுவதாகவும் வேறு துறைகளுக்கு மாற்றுவதாகவும் முடிவெடுத்தது. மறுஆண்டே ஹவுஸ் பில் 1900 வந்தது: இரண்டரை லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரம் காவல் நிதியைக் குறைத்தால் வரி வருவாயில் அடி விழும்.

இரண்டாவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். முதலாவதில் எனக்கு உறுத்தல் உண்டு. நான் மூன்று நகரங்களில் கட்டடத் துப்புரவுப் பணி எடுத்துச் செய்கிறேன். ஊருக்கு ஒரு விதி என்றால் என்னைப் போன்றவன் வழக்கறிஞருக்குக் கொடுத்தே ஓய்ந்துவிடுவான் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. பல துறைகளில் நகரங்கள் மாநிலச் சட்டத்தைத் தாண்டித் தனி விதி இயற்றுவதைத் தடுக்க 2023இல் வந்த ஹவுஸ் பில் 2127 அந்த நியாயத்தைத்தான் சொன்னது. ஆனால் அதே சட்டம், கட்டுமானத் தொழிலாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் தண்ணீர் குடிக்க ஓய்வு தர வேண்டும் என்ற டாலஸ், ஆஸ்டின் நகர விதிகளையும் குறிவைத்தது. ஆகஸ்ட் மாத மதிய வெயிலில் கூரைமேல் நின்றிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் எனக்குச் செலவாகத் தெரியவில்லை.

என் அளவுகோல் இது. ஒரு முடிவின் சுமை அந்த நகருக்குள்ளேயே தங்கினால் அதை நகரத்துக்கு விட்டுவிட வேண்டும். சுமை வெளியே வழியுமானால் மாநிலம் தலையிடலாம். காவல் இல்லாத பகுதியிலிருந்து குற்றம் நகர எல்லைப் பலகையைப் படித்துத் திரும்பிப் போவதில்லை. நகரத்தாரை நம்பவில்லை என்பதற்காக மட்டும் தலையிடுவது நம் கொள்கையோடு ஒத்துவராது.

பதில் 4: இருபதாண்டு டாலஸ்வாசி

ஆசிரியை அம்மாவின் கருத்தை ஏற்கிறேன். பள்ளியைக் கணக்குப் புத்தகமாக மட்டும் பார்த்தது என் பிழை. ஆனால் ஒன்று. வீட்டு வரி விலக்கை, அதாவது குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரி போடாமல் விடும் தொகையை, 2023இல் 40,000 டாலரிலிருந்து 1 லட்சமாகவும், 2025இல் 1 லட்சத்து 40 ஆயிரமாகவும் உயர்த்தியதை நம் தரப்பு பெரும் வெற்றியாகக் கொண்டாடுகிறது. நானும் ஆம் என்றே வாக்களித்தேன். ஆயினும் அதில் எந்தப் பள்ளி மாவட்டமும் செலவைக் குறைக்கவில்லை. குறைந்த வருவாயை மாநிலக் கருவூலம் ஈடுகட்டுகிறது. 2023இல் 32.7 பில்லியன் டாலர் உபரி இருந்ததால் அது எளிதாயிற்று. உபரி வற்றும் ஆண்டில் அந்த ஈடு எங்கிருந்து வரும்? வருமான வரியைக் கொண்டுவர முடியாதபடி 2019இலேயே அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டோம், நல்லதுதான். எனவே செலவைக் கட்டுப்படுத்தும் இடம் உள்ளூர்ப் பள்ளி வாரியம் ஒன்றுதான். அத்துடன், 75,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டிகளில் சொத்து மதிப்பீட்டு வாரியத்துக்கு மூன்று இயக்குநர்களை 2024 மே முதல் நாமே தேர்ந்தெடுக்கிறோம். என் தெருவில் இருபது வீடுகளில் விசாரித்தேன். அப்படி ஒரு தேர்தல் நடந்ததே தெரியாது என்றார்கள் பதினெட்டு வீட்டார்.

கேள்வி கேட்டவர்: புதுவாக்காளர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு தகவல் ஆவணத்தைப் படித்தேன். ‘ஏ’ இரண்டு பழைய தொடக்கப்பள்ளிகளைப் புதுப்பிக்க. ‘பி’ நீச்சல் குளம். ‘சி’ மாணவர்களுக்குச் சாதனங்கள். ஏ-க்கு ஆம், மற்ற இரண்டுக்கும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். என் மனைவி நீச்சல் குளத்துக்கும் ஆம் என்கிறாள். எங்கள் மகள் நீச்சல் அணியில் சேர்ந்திருக்கிறாள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சிறு ஐயம்: வாக்குச்சாவடிக்குள் கைப்பேசியில் குறித்துவைத்ததைப் பார்த்து வாக்களிக்கலாமா?

பதில் 5: மேற்கு டெக்சாஸ் ஆசிரியை

கூடாது. வாக்குப்பதிவு நடக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லலாம், அதற்குத் தடையில்லை. கடைசிப் பக்கத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். புகைப்பட அடையாள அட்டையையும் மறக்க வேண்டாம்.