ரோம், பாம்பேய்: கப்பலிலிருந்து இறங்கித் தனி வேனில் போகலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
மத்தியதரைக் கடல் கப்பல் பயணம். ஆறு பேர், அதில் அம்மா அப்பாவுக்கு முட்டுவலி. ரோமுக்கான துறைமுகம் சிவிட்டவெக்கியா, பாம்பேய்க்குப் பக்கத்துத் துறைமுகம் நேப்பிள்ஸ், இரண்டிலும் இறங்குகிறோம். கப்பல்காரர் பஸ்ஸா, தனி வேனா?

பதில் (வள்ளியூர்):
அண்ணாச்சி, ஆறு பேருக்கு எட்டு சீட் வேன்தான் தோது. நிறுத்தி நிறுத்திப் போகலாம். ஆனா ஒண்ணு: கப்பல் டூர் தாமதமானா பொறுப்பு கப்பல்காரருடையது. தனி வேன் தாமதமானா கப்பல் நிக்காது. சிவிட்டவெக்கியாவிலிருந்து ரோம் சுமார் 80 கி.மீ., நம்ம திருநெல்வேலி–கன்னியாகுமரி தூரம். சாயங்கால நெரிசல் உண்டு. கப்பல் கிளம்புற நேரத்தைக் கணக்கு வைக்காதீங்க. கடைசியா ஏற வேண்டிய நேரம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும். அதுக்கும் இரண்டு மணி நேரம் முன்னால துறைமுகம் சேரணும்னு வேன்காரரிடம் எழுதி வாங்குங்க. செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துல தோளும் முட்டும் மூடியிருக்கணும்.

பதில் (அம்பாசமுத்திரம்):
முட்டுவலிக்காரங்களுக்குப் பாம்பேய்தான் சிரமம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர். தெருவெல்லாம் பெரிய பெரிய கல் பாளம், வண்டிச் சக்கரம் தேய்ச்ச பள்ளம், தெருவைக் கடக்க உயரமான கல். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்க. நிழல் குறைவு, தண்ணீர் பாட்டில் கட்டாயம். முழுசும் பார்க்க ஆசைப்படாம, மன்றத் திடலும் (ஃபோரம், ஊர் நடுப் பொதுத் திடல்) குளியல் கூடமும் மட்டும் போதும்.

கேட்டவர்:
விசா?

பதில் (வள்ளியூர்):
இத்தாலிக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலதுக்கும் பொதுவான விசா. துருக்கி அதுல சேராது. இடையில துருக்கித் துறைமுகம் இருந்தா, வெளிய போய்த் திரும்ப நுழையிறதால, பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேணும். பயணத் திட்டத்தைக் காட்டியே விண்ணப்பிங்க.