ஹெட்ஸ்பேஸ் ஜிசி இடம் மாறினால் வேலிடேஷன் மறுபடியும் வேண்டுமா?

சிப்புட்_லேப்
வணக்கம். இரத்தத்தில் எத்தனால் பார்க்கும் ஹெட்ஸ்பேஸ் ஜிசி-எஃப்ஐடியை (மூடிய குப்பியில் மாதிரிக்கு மேலே நிற்கும் ஆவியைப் பிரித்து அளக்கும் மெஷின்) பக்கத்து அறைக்கு மாற்றியாயிற்று. இன்ஜினியர் பார்த்து சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘பாஸ்’ போட்டுவிட்டார். அதை வைத்தே கேஸ் மாதிரிகளை ஓட்டலாமா? வேலிடேஷன் (முறை சரியாக அளக்கிறதென்று ஆதாரத்தோடு காட்டும் சோதனை) 2018இல் செய்தது. எத்தனால் போடாத பிளாங்க் வயலிலும் (குப்பி) சின்னதாக எத்தனால் பீக் வருகிறது.

ஈப்போ_பழையவர்
இப்போதைக்கு வேண்டாம் தம்பி. மெஷின் கம்பெனிக் கணக்குப்படி ஓடுகிறது என்று மட்டும்தான் அந்த ரிப்போர்ட் சொல்லும். உங்கள் கையில் 50 மி.கி. 50ஆக வருமா என்பதற்கு அது சாட்சி இல்லை. கோர்ட்டில் வக்கீல் கேட்பது அதைத்தான்.

இடம் மாறியதற்கு மட்டும் என்றால் முழு வேலிடேஷன் தேவையில்லை. இடிப்பது அந்த 2018தான். மலேசியாவில் வண்டி ஓட்டுபவருக்கு 100 மி.லி. இரத்தத்துக்கு 80 மி.கி. ஆல்கஹாலாக இருந்த சட்ட வரம்பு 2020 அக்டோபரில் 50 ஆனது. பழைய கியூசி (அளவு தெரிந்த சோதனை மாதிரி) 80, 200 என்று இருந்தால் 50 பக்கம் உங்களிடம் ஆதாரமே இல்லை. 10 முதல் 300 வரை ஆறு கலிபிரேட்டர் (அளவுக்கோடு வரையும் ஸ்டாண்டர்டு) வையுங்கள். 20, 50, 250இல் கியூசி, தலா மூன்று வயல், ஐந்து தனித்தனி ஓட்டம். பயஸும் (உண்மை அளவிலிருந்து விலகல்) சிவியும் (திரும்பத் திரும்ப அளக்கையில் வரும் சிதறல்) 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆர்-ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) 0.999 என்று மகிழ்ந்துவிடாதீர்கள்: மேல்மட்ட ஸ்டாண்டர்டுகள் கோட்டை இழுத்துக்கொண்டு போகும், அடியில் 10 போட்ட இடத்தில் 14 காட்டும். ஒவ்வொரு கலிபிரேட்டரையும் கோட்டில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

பிளாங்க் பீக்குக்கு: 300க்கு அடுத்த வயலில் மட்டும் வந்தால் கேரி-ஓவர், அதாவது முந்தைய மாதிரியின் மிச்சம். முதல் வயலிலேயே வந்தால், வெறும் வயல் ஒன்றை வேறு அறையில் மூடி ஓட்டுங்கள். அது சுத்தமாக இருந்தால் புது அறையின் காற்று, அல்லது தண்ணீர், இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட எல்லா வயலிலும் ஒரே அளவில் சேர்க்கும் பொருள்). கதவோரம் ஹேண்ட் சானிடைசர் பாட்டில் இருக்கிறதா பாருங்கள்!

மில்_லேப்_அக்கா
நான் செம்பனை எண்ணெய் மில் லேப், தடயவியல் இல்லை. பிப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) சோதனை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை எடை போடுங்க. 28 டிகிரியில் 99.5 மி.கி. வரணும், 100 இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சூடு தணியாம... மன்னிக்கணும், குளிர் போகாம உறிஞ்சினா அளவு கூடும்.

ஈப்போ_பழையவர்
அக்கா சொன்னது சரி. வயலின் கிரிம்ப் (அழுத்தி இறுக்கும்) மூடியையும் விரலால் திருகிப் பாருங்கள்: சுற்றினால் கசிவு, ரப்பர் நடுவில் குழிந்தால் அதிக இறுக்கம்.

நீல_வயல்
இன்டர்னல் ஸ்டாண்டர்ட் என்-புரோப்பனாலா? அழுகிய இரத்தத்தில் அது தானாகவே உருவாகும், அப்போது எத்தனால் குறைத்துக் காட்டும். சவக்கிடங்கு மாதிரி வருமென்றால் டெர்ட்-பியூட்டனால் நல்லது. இரத்தம் கெடாமல் போடும் சோடியம் ஃபுளோரைடு உப்பு ஆல்கஹாலை ஆவிக்குத் தள்ளும், எத்தனால், இன்டர்னல் ஸ்டாண்டர்ட் இரண்டையும் ஒரே அளவில் தள்ளாது. ஆகவே கியூசியைத் தண்ணீரில் மட்டும் செய்யாமல் ஃபுளோரைடு போட்ட இரத்தத்திலும் செய்யுங்கள். சம்சு (மலிவுச் சாராயம்) கேஸ் வருகிற பக்கம் இது: மெத்தனால், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் எல்லாம் இரண்டு வேறு கேபில்லரியிலும் (ஆவியைப் பிரிக்கும் மெல்லிய குழாய்) பிரிகிறதா என்று காட்டி வையுங்கள்.

சிப்புட்_லேப்
நன்றி அண்ணே, அக்கா. பழைய கியூசி 80, 200தான். சானிடைசர் ஆட்டோசேம்ப்ளர் பக்கத்திலேயே இருக்கிறது.