கையெழுத்து வாங்கிவிட்டால் ரகசியம் காக்கப்பட்டுவிடுமா?

ஆவணக்காவலர்:
பணியிலிருந்து விலகுபவரிடம் கடைசி நாளில் ரகசியக் காப்பு உறுதிமொழி வாங்கினால் போதும், மீறினால் கூகுளின் முன்னாள் பொறியாளர் லெவண்டோவ்ஸ்கியைப் போலச் சிறைக்குப் போவார் என்று நேர்வழி நேற்று எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. கூகுளின் தானோட்டிக் கார்ப் பிரிவிலிருந்து சுமார் 14,000 கோப்புகளை அவர் தரவிறக்கியதாக, அந்தப் பிரிவிலிருந்து உருவான வேமோ நிறுவனம் குற்றஞ்சாட்டியது 2015 டிசம்பரில் நடந்ததைப் பற்றி. அவர் விலகியதோ 2016 ஜனவரியில். கோப்பு போன பிறகு வாங்கும் கையெழுத்து எதைக் காக்கும்? தவிர, அவர் சிறைக்கே போகவில்லை.

நேர்வழி:
2020 ஆகஸ்டில் அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உலகறிந்த செய்தியை மறுக்கும் துணிச்சல் தங்களுக்கு மட்டுமே உண்டு.

ஆவணக்காவலர்:
விதிக்கப்பட்டதை நான் மறுக்கவில்லை, அனுபவிக்கவில்லை என்கிறேன். தண்டனை தொடங்குவதற்கு முன்பே, 2021 ஜனவரியில், அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். 33 குற்றச்சாட்டுகளில் ஒன்றை மட்டுமே அவர் ஒப்புக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்படி:
இருவரும் அவரை விட்டுவிட்டு விஷயத்துக்கு வரலாமே. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 39ஆவது பிரிவு, தகவலை ரகசியமாக வைத்திருக்க அதன் உரிமையாளர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்கிறது. எல்லோருக்கும் எல்லாக் கோப்புறைகளையும் திறந்துவைத்திருந்த நிறுவனம், ஒருவர் போன பிறகு ரகசியம் பறிபோனதாகப் புலம்பினால் அந்த வாதம் நிற்பது கடினம். விலகல் கடிதம் வந்த அன்றே அணுகல் உரிமைகளைக் குறைத்து, அதற்கு முந்தைய வாரங்களின் தரவிறக்கப் பதிவேட்டையும் பார்ப்பதுதான் வேலை.

நேர்வழி:
கடிதம் கொடுத்த அன்றே அணுகலைப் பறித்தால், பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வேலையை யார் செய்வார்கள்? அதுவும் இருக்கட்டும், தண்டனை விதிக்கப்பட்டாலே அது சிறைதான்.

ஆவணக்காவலர்:
சிறைவாசலை மிதிக்காதவர் சிறைக்குப் போனவர் ஆகமாட்டார். அணுகலைக் குறைக்கச் சொன்னவரை முழுவதும் பறிக்கச் சொன்னதாகத் திரிப்பதும் தங்கள் வழக்கமே. சென்ற மாதம், ஒரே கடவுச்சொல்லைக் குழு முழுவதும் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை என்று வாதாடியவரும் தாங்கள்தாம். அப்படிப்பட்ட இடத்தில் யார் எதை எடுத்தார் என்று எந்தப் பதிவேடு சொல்லும்?

நேர்வழி:
அது தற்காலிக ஏற்பாடு என்று அன்றே தெளிவுபடுத்தியிருந்தேன். பழைய பதிவுகளைத் தோண்டுவதில் காட்டும் அக்கறையைத் தாங்கள் உறுதிமொழிப் பத்திரத்தின் பயனைப் புரிந்துகொள்வதில் காட்டியிருக்கலாம். பத்திரம் இல்லாவிட்டால் வழக்கை எதைக்கொண்டு நடத்துவீர்கள்?

மூன்றாம்படி:
பத்திரம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே.

ஆவணக்காவலர்:
நானும் சொல்லவில்லை. பணியில் சேரும்போதே லெவண்டோவ்ஸ்கியும் கையெழுத்திட்டவர்தாம். அந்தத் தாள் ஒரு கோப்பையாவது தடுத்ததா? வாடிக்கையாளர் பட்டியல், விலை நிர்ணயக் கணக்கு, மூல நிரல் ஆகியவற்றை யார் யார் திறக்கலாம் என்று அவர் பணியில் இருக்கும்போதே வரையறுக்காமல், வழியனுப்பும் நாளில் பேனாவை நீட்டுவதைப் பாதுகாப்பு என்று அழைக்க என்னால் இயலாது. நேர்வழி முதலில் தம் சிறைக் கதையைத் திருத்தட்டும்.

நேர்வழி:
18 மாதங்கள். தீர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது. திருத்த ஒன்றுமில்லை.