தாயும் சேயும் நலம் என்று சொன்ன பிறகு: ஜோகன்னஸ்பர்க் பக்கம் புதிதாக வந்திருக்கும் தாய்மார்களுக்கு

ஆறு மாதத்துக்கு முன்பு தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ராண்டில் குடியேறிய தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலை வழியாக என்னால் போக முடியவில்லை. இது சகஜம்தானா?"

தங்கை, இது பிரசவ அதிர்ச்சியாக இருக்கலாம். இது பலருக்கு வருகிறது. பலருக்கு வருகிறது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. அது பலன் தரும் என்பதை என் உடம்பே கண்டிருக்கிறது.

என் மகள் பிறந்தபோது வலி எடுத்து ஒன்பது மணி நேரம் கழித்து அவளுடைய இதயத் துடிப்பு இறங்கியது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவசர சிசேரியன், அதன் பிறகு இரத்தப்போக்கு. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் தலைக்கு மேலே வேறொரு மொழியில் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை என் கணவர் ஊருக்குச் செய்தி அனுப்பினார்: "தாயும் சேயும் நலம்." அத்தோடு எல்லோருக்கும் அது முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து சூப்பர் மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டிக் கைப்பிடியைத் துடைக்க வைத்திருக்கும் ஈரத்தாளின் வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். கால் நடுங்க, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். அது அறுவை அரங்கின் வாடை.

பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அது தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்து, எதிலும் ஒட்டுதல் இல்லாமல் நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடந்தால் அது மனச்சோர்வு. பிரசவ அதிர்ச்சி இதிலிருந்து வேறானது: அந்தக் காட்சி கூப்பிடாமலே வந்து நிற்கும், கெட்ட கனவு வரும், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்ப்போம், குழந்தை தூங்கும்போதும் நமக்குத் தூக்கம் வராமல் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். இவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு உங்களிடம் கொடுக்கப்படக்கூடிய எடின்பரோ அளவுகோல் 1987இல் வெளியானது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்கும். தமிழ் வடிவமும் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் அது மனச்சோர்வைத் தேடுவதற்காக உருவானது. நான் சிரித்தேன், சமைத்தேன், மதிப்பெண்ணும் குறைவாகவே வந்தது. "நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். "பிரசவத்தின்போது நடந்தது மனதைவிட்டுப் போகவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எங்கே சொல்வது? இங்கே குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போடுகிறார்கள். அந்தக் கிளினிக்கில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்லலாம் (இந்த நாட்டில் செவிலியரை இப்படித்தான் அழைப்பார்கள்). மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) இல்லாத கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும் என்று 2023 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசலில் யாராவது திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்ட் வைத்திருப்பவர்கள் விதிகளை இன்றே படியுங்கள். புதிதாகச் சேர்ந்தால் பொதுவாக மூன்று மாதமும், ஏற்கெனவே இருந்த நிலைக்குப் பன்னிரண்டு மாதமும் காத்திருப்புக் காலம் விதிக்கலாம். கர்ப்பமும் அந்தக் கணக்கில் வரும். காத்திருப்பு முடிந்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச நலன்கள் உண்டு: அண்மையில் நேர்ந்த அதிர்ச்சியால் வரும் கடும் உளைச்சலுக்கு 12 அமர்வுகள் வரை, கடும் மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் சேர்வதற்குப் பதிலாக 15 அமர்வுகள் வரை. ரசீதில் நோய்க்குறி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உளவியலாளர் எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தவரா என்பதை அந்த மன்றத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். தாய்மாருக்கு யோகா சொல்லித் தருபவர் அன்பானவராக இருக்கலாம். அதிர்ச்சிக்கு வைத்தியம் செய்ய அவரால் ஆகாது.

கேட்க வேண்டியது இரண்டே பெயர்கள்: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அல்லது ஈ.எம்.டி.ஆர். (கண் அசைவுகளின் துணையோடு அதிர்ச்சி நினைவைத் தணிக்கும் சிகிச்சை). எனக்கு முதலாவது. பிரசவம் முடிந்த கையோடு யாராவது வற்புறுத்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லவைப்பது சிகிச்சை ஆகாது. முதல் மூன்று அமர்வுகளில் நான் நடந்ததைப் பேசவே இல்லை. மூச்சை நிதானப்படுத்தவும், காலடியில் தரை இருக்கிறது என்று உணரவும்தான் கற்றுக்கொண்டேன். பிறகு மருத்துவமனையிலிருந்து என் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினோம். அதைக் கேட்டுப் பெறும் உரிமை இங்கே சட்டப்படி இருக்கிறது. அறுவை செய்ய முடிவெடுத்ததிலிருந்து குழந்தை வெளியே வந்தது வரை இருபத்திரண்டு நிமிடம் என்று அதில் இருந்தது. என் நினைவில் அது ஓர் இரவு முழுவதும் நீண்டிருந்தது. குழந்தை உடனே அழுதாள் என்றும் எழுதியிருந்தது. அவள் அழவில்லை என்றுதான் நான் அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மொழி ஒரு பெரிய விஷயம். ஆங்கிலத்தில் அலுவலகமே நடத்துகிறவர்களுக்கும் இந்த வலி தமிழில்தான் வரும். அமர்வில் தமிழில் அழுதுவிட்டு, பிறகு பொருளைச் சொல்லலாம். தவறில்லை. மொழிபெயர்க்கக் கணவரை மட்டும் நம்பாதீர்கள். அவர் முன்னால் சொல்ல முடியாதவை இருக்கும். அன்று அங்கே நின்றவர் என்பதால் அவருக்கும் காயம் இருக்கும். என் கணவர் ஒரு வருடம் கழித்துத்தான், தரையில் கிடந்த இரத்தத்தைப் பற்றி என்னிடம் பேசினார். உங்கள் கணவரையும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அம்மாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பார்வையாளர் விசா 90 நாள். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு மடி, எல்லாம் மூன்றாம் மாதத்தோடு ஒரே நாளில் நின்றுவிடும். நான் சரிந்தது அந்த வாரத்தில்தான். அம்மாவும் மாமியாரும் ஒரே நேரத்தில் வருவதைவிட ஒருவர் பின் ஒருவராக வந்தால் ஆறு மாதம் துணை இருக்கும். அம்மா கிளம்புவதற்கு முன்பே உளவியலாளரிடம் நேரம் வாங்கி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பாலூட்டும்போது ஊரில் ஐந்தரை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருப்பார், கூப்பிடலாம். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவில், நாலு தலைமுறையாக இந்த நாட்டில் இருக்கும் குடும்பத்துப் பாட்டி ஒருவருக்குத் தமிழ் சில சொற்கள்தான் தெரியும். ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால், "நீ தூங்கினாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பிரசவமான சில நாட்களிலோ வாரங்களிலோ தாய் தூக்கமே வேண்டாமல் பரபரப்பாக இருந்தால், இல்லாத குரல் கேட்டால், இது என் குழந்தை இல்லை என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வாக இருக்கலாம். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வருகிறது. காற்று கறுப்பு என்று ஊருக்குப் போன் போட்டு மந்திரிக்கக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் சாடாக் (மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பு) அமைப்பின் இலவச எண் 0800 567 567, இரவிலும் எடுப்பார்கள்.

மிட்ராண்ட் தங்கை, பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். அந்தச் சாலை வழியாகப் போக வேண்டாம், சுற்றுவழியில் நான் காரில் கூட்டிப்போகிறேன். எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் எழுதுங்கள்.